போதகர் பன்றியான வழக்கு

டேரன் பிக்வர்த் படியேறி வந்தபோது, ஒரு பெரியவரும் ஒரு பெரிய வாலு மீனும் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் பெயர் ஏபெலி. துப்பறிவாளர் தோரிகாவின் உடன்பிறந்த அண்ணன். வியாழக்கிழமை தவறாமல் படகுத்துறையிலிருந்து மீனோடு வருவார். அலுவலகக் கதவு வரைதான் வருவார். உள்ளே, குரல் எட்டுகிற தூரத்தில், தங்கை மேசைக்குப் பின்னால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணன் சொல்ல வேண்டியதை உதவியாளன் பர்மேஷிடம் சொல்வார். பர்மேஷ் உள்ளே போய் அதையே தோரிகாவிடம் ஒப்பிப்பான். பதிலை வாங்கிக்கொண்டு கதவுக்குத் திரும்புவான். பர்மேஷ் நாயக்கர் ஃபிஜியில், இதே சுவா நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், அதனால் இதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அலுப்பு மட்டும் இருந்தது. சொந்தச் செலவில் 'இணைத் துப்பறிவாளர்' என்று பெயரட்டை அச்சடித்துக்கொண்டவன் மீன் சுமந்து செய்தி சொல்வதா என்று உள்ளுக்குள் ஒரு புழுக்கம்.

"தவலே, நல்லாக் கேட்டுக்கோ," என்றார் ஏபெலி. மைத்துனன் முறை வைத்துத்தான் அவனை அழைப்பார். "ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்காரங்க வர்றாங்க. எம் பொண்ணு விஷயமா. அத்தைக்காரி வந்து உக்காந்து சரின்னு சொன்னாத்தான் மேல பேச்சு. வருவாங்களான்னு இன்னிக்கே தெரியணும். வரலைன்னா பையன் வீட்டுக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"சொல்லிடறேண்ணே, கவலைய விடுங்க," என்று பர்மேஷ் மீனைக் கையில் வாங்கினான்.

அந்த நேரத்தில்தான் பெரியவரின் தோளுக்குப் பின்னால் டேரன் முளைத்தார். பூப்போட்ட சட்டை, அதன் மேல் கம்பெனியின் கழுத்துப்பட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. "பூலா, வணக்கம்! துப்பறியற அம்மா இங்கதானே? எனக்கு ஒரு துரோகியைப் பிடிச்சுக் குடுக்கணும். சாயங்காலத்துக்குள்ள!"

துரோகி என்ற சொல் காதில் விழுந்ததும் பர்மேஷுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. மீனைக் கழுவுதொட்டியில் போட்டான், கையைக் கால்சட்டையில் துடைத்தான், விருந்தாளிக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். ஏபெலி சிறிது நேரம் வாசலில் நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

தோரிகா ஒரு காலத்தில் சுங்கத்துறையில் இருந்தவர். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. எதற்கும் அவசரப்படாத குரல். எதிரே இருப்பவர் பொய் சொன்னால் விசிறியை நிறுத்துவார். உண்மை சொன்னால் தொடர்ந்து விசிறுவார். டேரன் பேச ஆரம்பித்ததிலிருந்து விசிறி நிற்கவில்லை. அவர் பொய்யர் இல்லை. விஷயம் தெரியாதவர், அவ்வளவுதான்.

"எங்க கம்பெனி பேரு லிவாலிவா சாஃப்ட்வேர்," என்றார் டேரன். "தீவுகளுக்குப் போற கப்பலுக்கு டிக்கெட் போடற மென்பொருள் எங்களோடது. திங்கக்கிழமை புது மாற்றம் ஒண்ணு செஞ்சோம். செவ்வாய்க்கிழமை இது நடந்துச்சு."

ஒரு டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். பர்மேஷ் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்.

"போதகர் ஜோசதேகி. பன்றி. உயிருடன். கால்கள் கட்டப்பட்டது."

"அவருக்கு மட்டுமில்ல. பாடகர் குழு மொத்தத்துக்கும் இப்படித்தான். படகுத்துறைப் பையன் டிக்கெட்டுல போட்டதைத்தான் பார்ப்பான். எல்லாரையும் கீழ்த்தளத்துக்கு அனுப்பிட்டான். அங்கயே ரெண்டு கீர்த்தனை பாடினாங்களாம்."

"பன்றிகள்?" என்றார் தோரிகா.

டேரன் தலையைக் குனிந்துகொண்டார். "பன்றிக்கெல்லாம் பெரியவர்னு டிக்கெட். ஜன்னலோர சீட்டு. தலையணை. காலைச் சாப்பாடு."

பர்மேஷ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோரிகாவின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனுஷன் பன்றி ஆகியிருக்கான், பன்றி மனுஷன் ஆகியிருக்கு. வேற எதுவும் கலையல. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"சதி பண்றவன் இவ்வளவு ஒழுங்காப் பண்ண மாட்டான். சரி, மேல சொல்லுங்க."

"சதிதாம்மா! ரெண்டு பேர் மேல சந்தேகம். இசிகேலின்னு ஒருத்தன், பயணம், சரக்கு எல்லாத்துக்கும் எண் போடற பகுதி அவனோடது. உனைசின்னு ஒரு பொண்ணு. அந்த எண்ணைப் பார்த்து டிக்கெட் அச்சடிக்கற பகுதி அவளோடது. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. நான் பிரிஸ்பேன்லேர்ந்து வந்த நாள்லேர்ந்து பார்க்கறேன், ஒரு வார்த்தை பேசினதில்ல. ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் எழுந்து போயிடுவாங்க. இதுல ஒருத்தர் இன்னொருத்தரை மாட்டிவிட இப்படிச் செஞ்சிருக்காங்க. கப்பல் முதலாளி கேப்டன் வேரேனிகி சாயங்காலம் வர்றாரு. யார் செஞ்சாங்கன்னு சொல்லலைன்னா ஒப்பந்தம் போச்சு. யார்னு நீங்க சொல்லுங்க, அந்த ஆளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன். எங்க ஆபீஸ்ல விரோதத்துக்கு இடமில்ல. நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்."

"எந்த மாதிரிக் குடும்பம்?" என்று கேட்டார் தோரிகா.

டேரனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

ஃபிஜி மொழியில் லிவாலிவா என்றால் குளிர்ச்சி. பெயர் காதுக்கு இனிமையாக இருக்கிறதென்று வைத்தார்களாம். அலுவலகத்துக்குள் கால் வைத்ததும் பர்மேஷின் பற்கள் கிட்டித்துக்கொண்டன. ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதில் பெரிய பெரிய ஹெட்ஃபோன்களை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவனம் சிதறக் கூடாதென்று டேரன் வாங்கிக் கொடுத்தவை. கழற்றினால் காரணம் கேட்பார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன விளக்கு. விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தால் பச்சை, கையை எடுத்தால் சிவப்பு. ஒருவன் இடது கையால் கிழங்கு தின்றுகொண்டே வலது கையின் ஒரு விரலால் ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய விளக்கு பளிச்சென்று பச்சையாக இருந்தது.

சுவரில் ஒரு வாசகம்: 'பிரச்சினையைக் கொண்டு வராதே, தீர்வைக் கொண்டு வா.' அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை. அதில், 'குழு உரையாடல்: மிகச் சிறப்பு' என்று ஒளிர்ந்தது.

தோரிகா திரையைப் பார்த்தார். பிறகு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"நண்பர்களே!" டேரன் கையைத் தட்டினார். எல்லாரும் காதிலிருந்ததைக் கழற்றினார்கள். "இவங்க நம்ம கூடப் பேசப் போறாங்க. எல்லாம் நல்லபடியாத்தானே போகுது?"

"செட்!" என்றது கூட்டம் ஒரே குரலில். பிறகு எல்லாரும் காதில் மாட்டிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா? என்ன ஒரு உற்சாகம்!" என்று டேரன் பூரித்தார். எதற்கும் 'எல்லாம் சரி' என்று சொல்லிவைக்கிற அந்த 'செட்'டைக் கேட்டு வளர்ந்தவன் பர்மேஷ். அவனுடைய மாமா கார் பழுதாகி நடுத்தெருவில் நின்றபோதும் செட் என்றுதான் சொன்னார்.

கோடியில் ஒரு நீள மேசை. ஜன்னல் பக்கம் இசிகேலி. ரக்பி ஆடுகிறவன் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. சுவர்ப் பக்கம் உனைசி. கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். நடுவில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் மனிதர் யாரும் இல்லை. ஒரு மெத்தை, மெத்தைமேல் தேங்காய் அளவில் ஒரு கறுப்பு உருண்டை, உருண்டைக்கு ஒரு பூமாலை.

"அது தலனோவா, நாம பேசறதைக் கேட்டுக்கற கருவி," என்றார் டேரன், பெற்ற பிள்ளையை அறிமுகப்படுத்துகிறவரைப் போல. "முன்னாடி அங்க ஃபையாஸ்னு ஒருத்தர் இருந்தாரு. எல்லாம் சரியா ஓடுதான்னு சோதிச்சுப் பார்க்கற வேலை. ஆனா எப்பப் பாரு சிவப்பு விளக்குதான்! கையில ஒரு டீ. இங்க நின்னு அரட்டை, அங்க நின்னு அரட்டை. போன மாசம் அனுப்பிட்டேன். அவர் செஞ்சதையெல்லாம் இப்போ இதுவே செய்யுது. தலனோவா, இன்னிக்கு நம்ம ஆபீஸுக்கு விருந்தாளி வந்திருக்காங்க!"

உருண்டைக்குள் ஒரு நீல வெளிச்சம் சுற்றியது. "அருமை! குறித்துக்கொண்டேன்!" என்றது.

உனைசி எழுந்து தேநீர் அறைக்குப் போனாள். அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவன் இசிகேலி. எப்போது எழுந்து போனான் என்று பர்மேஷ் கவனிக்கவில்லை. அவள் நிழல் கதவில் விழுந்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு மறு கதவு வழியாக வெளியேறினான். பர்மேஷ் தோரிகாவின் முழங்கையை இடித்தான். "பாத்தீங்களாக்கா? மூஞ்சிய பார்க்கக்கூடப் பிடிக்கல!"

"பார்த்தேன். கெட்டில்ல தண்ணி கொதிச்சுட்டிருக்கு. பென்சில் படம் போட்ட கோப்பை ஒண்ணு கழுவித் துடைச்சு, பக்கத்துல சர்க்கரையோட தயாரா இருக்கு. அதையும் பார்த்தியா?"

பர்மேஷ் அதைப் பார்த்திருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உனைசி இரண்டு டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்தாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள். இன்னொன்றை நடு நாற்காலிக்கு முன்னால், உருண்டையின் காலடியில் வைத்துவிட்டு மேசையை விட்டு அகன்றாள். பூஜைபோல இருந்தது. சற்று நேரம் கழித்து இசிகேலி அந்த டப்பாவை எடுத்துத் திறந்தான். தேங்காய்ப்பாலில் வெந்த மீன். தலை முழுசாக அவனுடைய டப்பாவில்.

சந்திப்பு அறை என்ற கண்ணாடிப் பெட்டியில் விசாரணை நடந்தது. முதலில் இசிகேலி. நாற்காலி அவனுக்குப் போதவில்லை.

"நான்தாம்மா செஞ்சேன்," என்றான், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. "யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்பிடுங்க."

பர்மேஷ் பேனாவைத் தவறவிட்டான். விசாரணை இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"என்ன செஞ்சே, தம்பி?"

"முன்னாடி எங்க பட்டியல்ல பன்றிதான் முதல் எண். பெரியவங்க கடைசி எண். ஆதியில சரக்குக்குன்னு எழுதின மென்பொருள், அதான். 'மனுஷனை முதல்ல போடுங்கடா, பன்றியைக் கடைசியில போடுங்க'ன்னு கேப்டனே கேட்டாரு. மாத்தினேன். அச்சடிக்கற பக்கத்துல பழைய எண்ணே இருந்துடுச்சு."

"மாத்தினதை அந்தப் பக்கத்துக்குச் சொன்னியா?"

இசிகேலி தன் செருப்பையே பார்த்தான். தோரிகாவின் விசிறி அசைந்துகொண்டிருந்தது.

"சொல்லல," என்றான்.

விசிறி நின்றது.

"வேலை போனா என்ன செய்வே?"

"சுவாவுல இந்த வேலைக்கு எத்தனை கம்பெனி இருக்கு? கண்டவுத் தீவுக்குத் திரும்பிப் போயி கிழங்கு நடணும். பரவாயில்ல. எனக்கு உடம்புல வலு இருக்கு."

அடுத்து உனைசி. உட்காராமல் நின்றபடியே பேசினாள். "தப்பு என்னோடது. எண் மாறினதை எனக்குச் சொல்லியாச்சு. நான்தான் காதுல வாங்கிட்டு மறந்துட்டேன்."

விசிறி மறுபடி நின்றது.

"யார் சொன்னாங்க?"

"அந்தப் பக்கம் உக்கார்றவங்க."

"இசிகேலியா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"அவன் உனக்குச் சொல்லவே இல்லைன்னு சொல்றானே."

உனைசி கதவுப் பக்கம் திரும்பினாள். "அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. சொன்னாங்க. எழுதி எங்க கையெழுத்துப் போடணும்? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, நான் கண்டவுல எங்க அம்மாகூடப் போயி இருந்துப்பேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டாள்.

பர்மேஷ் எழுந்து கண்ணாடிப் பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். "அக்கா, எனக்கு விளங்கிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே தீவு. அப்போ நிலத் தகராறு! பரம்பரை பரம்பரையா வரப்புச் சண்டை. ஒரே மேசையில உக்காந்து அந்த ஆள் மூஞ்சிய பார்க்கறதுக்கு வேலையே போகட்டும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க. அதான் ரெண்டு பேரும் ஒத்துக்கறாங்க!"

"நல்லாத்தான் யோசிச்சிருக்கே. மீன் தலை?"

"என்ன மீன் தலை?"

"உன் எதிரிக்கு நீ மீன் தலையை எடுத்து வெச்சுக் குடுப்பியா?"

பர்மேஷ் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. அவன் வீட்டில் மீன் தலைக்காகவே அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்திருக்கிறது.

"நீ போய் அந்த ஃபையாஸைக் கூட்டிட்டு வா," என்றார் தோரிகா. "சந்தைக்கு எதிர்ல மச்சான் கடையில பழச்சாறு விக்கறாராம், கிழங்கு தின்ன பையன் சொன்னான். நான் அதுக்குள்ள அந்த உருண்டைகூடக் கொஞ்சம் பேசிட்டு இருக்கேன்."

பர்மேஷ் மழையில் நனைந்து, டாக்ஸி பிடித்து, அன்னாசிப்பழ வாசனையோடு இருந்த ஃபையாஸைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது, தோரிகா நடு நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உருண்டையிடம் தன் முழங்கால் வலியை விவரித்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் சுவர்த் திரையில் இருந்தது. 'மிகச் சிறப்பு' என்றிருந்த இடத்தில் இப்போது 'உலகத் தரம்' என்று வந்திருந்தது.

கேப்டன் வேரேனிகி சாயங்காலம் வந்து சேர்ந்தார். வெள்ளை மீசை, சாம்பல் நிற சுலு வேட்டி, கையில் நனைந்த குடை. அவருடைய கப்பலில் பன்றி தலையணையில் சாய்ந்து போன கதையை அதற்குள் படகுத்துறை முழுவதும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. அந்த எரிச்சல் அவர் மீசையிலேயே தெரிந்தது. தோரிகா கேட்டுக்கொண்டபடி எல்லாரும் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு நீள மேசையைச் சுற்றி நின்றார்கள். விளக்குகள் அத்தனையும் சிவப்பாகிவிட்டன. டேரன் அதைப் பார்த்துத் தவித்தார்.

"யாரும்மா அது?" என்றார் கேப்டன். "பேரைச் சொல்லு, நான் போகணும்."

"சொல்றேன் ஐயா. இன்னிக்கு ரெண்டு பேர் என்கிட்ட குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் பொய் சொன்னாங்க. 'நான் அவகிட்ட சொல்லல'ன்னு இசிகேலி சொன்னான். 'அவர் சொன்னாரு, நான்தான் மறந்தேன்'னு உனைசி சொன்னா. தன் கழுத்துக்குத் தானே கத்தி வெச்சுக்கறவங்களை நான் சுங்கத்துல இருந்தப்பவும் பார்த்ததில்ல. எதுக்காக இப்படிச் செய்யணும்? மத்தவரைக் காப்பாத்த. மத்தவரைக் காப்பாத்தணும்னா, தப்பு மத்தவர்மேலன்னு மனசுக்குள்ள நம்பணும். அவ மறந்துட்டான்னு இவன் நம்பறான். அவர் சொல்ல மறந்துட்டார்னு அவ நம்பறா. அப்படின்னா உண்மையில இவன் சொல்லியிருக்கான். உண்மையில அவ கேக்கல. ரெண்டு பக்கமும் தப்பில்லைன்னா தப்பு எங்க இருக்கு? நடுவுல."

எல்லார் கண்ணும் பூமாலை போட்ட உருண்டைக்குப் போயிற்று.

"ஆனா இவங்க ரெண்டு பேரும் எதிரிங்க!" என்றார் டேரன். "எதுக்குக் காப்பாத்திக்கணும்?"

தோரிகா திரும்பினார். "இசிகேலி, உன் அப்பாவழித் தாத்தா பேர் என்ன?"

"சவேனாகா."

"உனைசி, உன் அப்பாவழித் தாத்தா பேர்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சவேனாகா."

கேப்டன் குடையைத் தரையில் ஊன்றி, "அடடா!" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பர்மேஷ் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். வாராவாரம் வாசலில் மீனோடு நிற்கிற ஏபெலியின் முகம் அவன் கண்முன் வந்தது. வயதானவர்கள் படியில் நின்றால் வழக்கம் என்று தெரிந்தது. ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் கணினிக்கு முன்னால் அதையே செய்தபோது அவனுக்கு வரப்புச் சண்டையாகத் தெரிந்தது.

டேரனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. "தாத்தா ஒண்ணுன்னா?"

"அப்பாமார் கூடப்பிறந்தவங்க. அப்போ இவங்க அண்ணன் தங்கச்சி," என்றார் தோரிகா. "எங்க பக்கம் வயசு வந்த அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசிக்க மாட்டோம். எழுதினாலும் பேச்சுதான். பேரைக்கூடச் சொல்ல மாட்டோம், ஒரே அறையில ஒட்டி நிக்க மாட்டோம். அது மரியாதை, விரோதமில்ல. அவளுக்குன்னு கோப்பையைக் கழுவி வெச்சுட்டு அவன் வெளிய போவான். மீன் தலையை அவனுக்கு வெச்சுட்டு அவ தள்ளிப் போவா. பேச வேண்டியது வந்தா நடுவுல ஒரு ஆள் வேணும். ஃபையாஸ், நீ சொல்லு."

"ரெண்டு வருஷமா நான்தான் இவங்களுக்கு டெலிபோன் கம்பி!" என்றான் ஃபையாஸ் உற்சாகமாக. "'எண் மாறிடுச்சுன்னு சொல்லுப்பா'ம்பான். சொல்லுவேன். 'சரின்னு சொல்லுண்ணே'ம்பா. சொல்லுவேன். அப்படியே மத்த மேசைக்கும் போயி, 'இவன் இதை மாத்தறான், உன் பக்கம் பார்த்துக்கோ'ன்னு சொல்லிட்டு வருவேன். டீ ஆறிப்போயிடும். கீபோர்டுல கை வைக்க நேரம் ஏது?"

"அதனால அவருக்குச் சிவப்பு விளக்கு," என்றார் தோரிகா. "நீங்க அவரை அனுப்பிட்டு இதை வெச்சீங்க. அவர் செஞ்சதெல்லாம் இது செய்யும்னு சொன்னீங்க. இசிகேலி, இப்போ உண்மையைச் சொல்லு. யார்கிட்ட சொன்னே?"

இசிகேலி கழுத்தைச் சொறிந்தான். "இதுகிட்டதான். 'எண்ணை மாத்திட்டேன், அந்தப் பக்கம் சொல்லிடு'ன்னேன். 'அருமை, குறித்துக்கொண்டேன்'னுச்சு. தங்கமான புள்ளைன்னு நினைச்சேன்."

"எனக்கு ஒண்ணுமே வரல," என்றாள் உனைசி ஃபையாஸைப் பார்த்து. "காதுல அதை மாட்டியிருந்தேன்."

"டேரன்," என்றார் தோரிகா, "இது குறிச்சுக்கிட்டதை யாருக்குச் சொல்லும்?"

"யாருக்கும்... சொல்லாது. ஆபீஸ்ல எவ்வளவு பேச்சு நடக்குதுன்னு எண்ணும். எண்ணி, திரையில காட்டும்."

"என் முழங்கால் வலி உலகத் தரம்னு காட்டினது அதானா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழங்கு தின்ற பையனாகத்தான் இருக்கும்.

டேரன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "இவங்க அண்ணன் தங்கச்சின்னு வேற யாருக்காவது தெரியுமா?"

எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

"அப்புறம் ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே," என்றான் அந்தப் பையன். சுவரைக் காட்டினான். "பிரச்சினையைக் கொண்டு வரக் கூடாதுன்னு வேற எழுதியிருக்கு."

டேரனின் மூக்கு இன்னும் சிவந்தது. பாவமாக இருந்தது பர்மேஷுக்கு. தனக்கும் அதே புத்திதானே போயிற்று. "அப்போ யாரை அனுப்பறது?" என்று டேரன் மெல்லக் கேட்டார். "யார் செஞ்சாங்கன்னு கேப்டன் கேட்டாரே."

"காலையில ஒரே குடும்பம்னு சொன்னீங்க," என்றார் தோரிகா. "உங்க ஆபீஸ்ல குடும்பமா இருந்தவங்க இவங்க ரெண்டு பேர்தான். அவங்களைத்தான் அனுப்பப் பார்த்தீங்க. இதுக்கு மேல ஐயா சொல்லட்டும்."

கேப்டன் நடு நாற்காலிக்குப் போனார். உருண்டையைத் தூக்கினார். பூமாலையைக் கழற்றி ஃபையாஸின் கழுத்தில் போட்டார். உருண்டையை டேரன் கையில் கொடுத்தார். "என் கப்பல் டிக்கெட்டு உங்ககிட்ட இருக்கணும்னா இந்த நாற்காலியில மனுஷன் உக்காரணும். விளக்கையெல்லாம் கழட்டு. போதகர்கிட்ட மன்னிப்புக் கேக்க நீயே நேர்ல போ. கீழ்த்தளத்துலயே போ."

"அருமை! குறித்துக்கொண்டேன்!" என்றது உருண்டை, டேரனின் கைக்குள்ளிருந்து.

ஃபையாஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். இசிகேலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சொல்லுப்பா. எனக்காக அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்னு சொல்லு."

ஃபையாஸ் இந்தப் பக்கம் திரும்பினான். "உங்க அண்ணன் சொல்றாரு, அவருக்காக நீ பழியை ஏத்திருக்க வேண்டாமாம்."

உனைசி பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுத்தாள், மறுபடி செருகினாள். "அவங்க மட்டும் ஏத்துக்கலாமான்னு கேளுண்ணே. அப்புறம், டப்பாவைக் கழுவிக் குடுக்கச் சொல்லு."

இசிகேலிக்கு இதைவிட நல்ல செய்தி வந்திருக்க முடியாது. டப்பாவை எடுத்துக்கொண்டு தேநீர் அறைக்கு ஓடினான்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. டாக்ஸியில் பர்மேஷ் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். தோரிகா ரொட்டி வாங்கித் தின்றுகொண்டு வந்தார். அலுவலகப் படியில் ஏறத் தொடங்கியவர் பாதியில் நின்று, ஒன்றும் சொல்லாமல் பின்பக்கப் படி வழியாக மேலே போய்விட்டார். பர்மேஷ் நிமிர்ந்து பார்த்தான்.

மேல் படியில் ஏபெலி உட்கார்ந்திருந்தார். முழுக்க நனைந்திருந்தார். காலையிலிருந்து எத்தனை தடவை வந்து போனாரோ தெரியாது.

"தவலே," என்றார், "அவங்க என்ன சொன்னாங்க? வரலையா? நான் ஏதாவது மனசு நோகறாப்புல செஞ்சுட்டேனா?"

பர்மேஷுக்குக் கழுவுதொட்டியும் மீனும் ஞாபகம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை, பையன் வீட்டுக்காரர்கள், அத்தைக்காரி. ஒரு சொல்கூட அவன் உள்ளே கொண்டுபோகவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினான். தோரிகா மேசைக்குப் பின்னால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அக்கா! காலையில அண்ணன் சொன்னாரு, ஞாயித்துக்கிழமை..."

"தெரியும். கதவு தொறந்துதான் இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு."

"அப்போ ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"நீ எனக்குச் சொல்லவே இல்லையேப்பா," என்றார் தோரிகா. "யாருக்குப் பதில் சொல்றது? காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன். டாக்ஸியிலயாவது சொல்லுவேன்னு பார்த்தேன். நீ வரப்புச் சண்டையைப் பத்தியே பேசிட்டு வந்தே."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் பர்மேஷை உறுத்தியது. அவன் நேராக நின்றான். முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல், ஏபெலி சொன்னபடியே சொன்னான். தோரிகா தனக்குத் தெரியாத செய்தியைக் கேட்பவரைப் போலக் கடைசி வரை கேட்டார்.

"வர்றேன்னு சொல்லு. எங்க வீட்டுப் பொண்ணு கல்யாணப் பேச்சுக்கு நான் வராம யார் வருவா? மீன் குழம்பு வெச்சு எடுத்துட்டு வர்றேன்னும் சொல்லு. மன்னிப்புக் கேட்டேன்னு மட்டும் சொல்லாத, அது உன் வேலை."

பர்மேஷ் வாசலுக்குப் போனான். சொன்னான். மன்னிப்பைத் தன் கணக்கில் சேர்த்தே சொன்னான். ஏபெலியின் முகம் மலர்ந்தது. நனைந்த சட்டையைப் பிழிந்துவிட்டு, "அப்போ அவங்ககிட்ட சொல்லு, குழம்புல மிளகாய் குறைச்சுப் போடணும், பையனோட அம்மாவுக்கு வயித்துக்கு ஆகாதாம்," என்றார்.

பர்மேஷுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்து, "அருமை! குறித்துக்கொண்டேன்!" என்றான். சொல்லிவிட்டு அசையாமல் நின்றான்.

உள்ளே விசிறி விழும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து சிரிப்பு. ஆறு வருஷத்தில் தோரிகா அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. மேசை குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தார். வாசலில் ஏபெலிக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தங்கையின் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பர்மேஷ் சற்றுப் பொறுத்து உள்ளே போய் மிளகாய் விஷயத்தைச் சொன்னான்.